சிவக்காத மஞ்சள் தாள்

மயிலாப்பூர்,
ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை.

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை இஸ்திரிக்காரர் துணி மூட்டையை அவிழ்த்து, என்னுடைய வெள்ளை அரைக்கைச் சட்டையை மட்டும் தனியே எடுத்து நீட்டினார். "சார், பாக்கெட்டாண்ட பாருங்க, ரத்தம் மாதிரி கீது. என் பெட்டியில பட்டது இல்ல. துணி வரசொல்லவே இப்படித்தான் இருந்திச்சு" என்றார். கேட்காத கேள்விக்கு இவ்வளவு விரைவாகப் பதில் சொல்பவரை நம்பக் கூடாது என்பது தணிக்கைத் துறையில் நான் கற்ற முதல் பாடம். ஆயினும் அந்தக் கறையைக் கண்டதும் அவரை விட்டுவிட்டேன். அது யாருடைய கறை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பைக்குள் விரலை விட்டுத் துழாவினேன். தண்ணீரில் கூழாகி, வெயிலில் காய்ந்து, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் தட்டையாகிப்போன ஒரு காகிதத் துணுக்கு கையில் வந்தது. உங்கள் மஞ்சள் தாள், மஞ்சள் நீரில் ஊறவைத்துச் செய்த சோதனைத் தாள். அதை எடுக்க மறந்து சட்டையைச் சலவைக்குப் போட்டிருக்கிறேன். சோப்பின் காரம் பட்டுத் தாள் சிவந்து, சட்டையையும் சிவக்க வைத்திருக்கிறது. காரம் என்றால் மிளகாயின் காரம் அன்று. சோப்பையும் சுண்ணாம்பையும் தொட்டால் விரல் வழுக்குமே, அந்தக் காரம். எலுமிச்சம்பழ மூடி ஒன்றை எடுத்துக் கறையின் மீது ஒரு சொட்டுப் பிழிந்தேன். கண்ணெதிரே சிவப்பு வடிந்து மஞ்சளாயிற்று. காரம் சிவக்க வைக்கும், புளிப்பு திரும்பவும் மஞ்சளாக்கும், இதில் மர்மம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். எனக்கு மர்மம் அங்கேதான் தொடங்கியது. ஒழுங்காக அலசிய துணியில் சோப்பின் காரம் எப்படித் தங்கும்? ஆக, இந்த வீட்டில் என் துணிகள் ஒழுங்காக அலசப்படுவதில்லை. மாசி மாதத்திலிருந்து மனத்தில் சேர்ந்துகொண்டிருந்த சந்தேகங்களோடு இதையும் சேர்த்துக்கொண்டேன்.

நீங்கள் போனது தை மாதம் இரண்டாம் புதன்கிழமை. "பொங்கல் கழிஞ்சு ஏதோ ஒரு நாள்" என்று சொல்கிறவர்களை நான் இன்றைக்கும் திருத்திக்கொண்டிருக்கிறேன். போனவருக்கு எழுதி என்ன பயன் என்று கேட்கலாம். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். இன்று காலைச் சாப்பாட்டின்போது, இந்த வீட்டை விட்டுப் போகிறேன் என்று உங்கள் மகள் நித்யாவிடம் சொல்வதாக இருந்தேன். திருவான்மியூரில், மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் பின்தெருவில், ஒற்றை அறை ஒன்றைப் பார்த்துவைத்தும் ஆயிற்று. காரணம், உப்பு.

முதலிலிருந்து வருகிறேன். நான் எதையும் இடையிலிருந்து தொடங்குபவன் அல்லன் என்பது தங்களுக்குத் தெரியும்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. என் மகனும் உங்கள் மகளும் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம். மயிலாப்பூருக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே பேருந்தில் அரை மணி நேரம். எங்கள் வீட்டுப் பேச்சுக்கும் உங்கள் வீட்டுப் பேச்சுக்கும் இடையே அதைவிடத் தூரம். தாலி கட்டி முடித்து, மாலையும் கழுத்துமாக இருவரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். என் மனைவி அதற்கு முன்பே காலமாகியிருந்தாள். ஆகவே என் அக்காதான் ஆரத்தித் தட்டோடு உள்ளிருந்து வந்தாள். மஞ்சள் தூளையும் சுண்ணாம்பையும் கரைத்தால் நீர் குங்குமமாகச் சிவக்க வேண்டும். எந்த வீட்டிலும் அப்படித்தான். அன்று சிவக்கவில்லை. அக்கா இன்னும் சிறிது சுண்ணாம்பைப் போட்டு விரலால் கலக்கினாள். மஞ்சள் வெளுத்ததே தவிர, சிவக்கவில்லை.

"என்னடா இது கிரகசாரம்!" என்றாள் அக்கா. தாழ்ந்த குரல்தான், ஆனால் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. "எத்தனை கல்யாணத்துல கரைச்சிருக்கேன், ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லையே. இப்போ உள்ள அழைச்சுண்டு வரவேண்டாம்டா. பொண்ணு அவாத்துக்கே போயிட்டு, வேற நல்ல நாள் பாத்து வரட்டும்."

முன்வைத்திருந்த வலக்காலை உங்கள் மகள் மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தட்டில் சுண்டுவிரலைத் தோய்த்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தீர்கள். "இன்னா இது? சுண்ணாம்பு செத்துப்பூடுச்சே" என்றீர்கள். மடியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தீர்கள். அதனுள்ளே இருந்த சிறு டப்பாவிலிருந்து நகக்கண் அளவு சுண்ணாம்பை எடுத்துத் தட்டில் போட்டு, ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். தட்டின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி பிறந்து, சுழன்று, ஓரம்வரை போயிற்று.

"அக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. உங்க டப்பாவுக்கு மூடி எங்க? தொறந்தே வெச்சா சுண்ணாம்ப காத்து துன்னுடும். அப்பால அது வெறும் சாக்பீஸ்தான்."

"பொண்ணுக்கு அப்பாவே ஆரத்தி கரைக்கறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள் அக்கா.

"கரைச்சது நீங்கதான்க்கா. நான் கலர் மட்டும்தான் குடுத்தேன்."

வாசலே சிரித்தது. நித்யா வலக்காலை எடுத்துவைத்து உள்ளே வந்தாள். நான் சிரிக்கவில்லை. மகள் புகுந்த வீட்டுக்கு வரும் வேளையில் மடியில் சுண்ணாம்போடு வந்து நிற்கிறவர், எதற்கும் தயாராக வந்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. ஆட்கள் கலைந்த பிறகு அக்காவின் சுண்ணாம்பு டப்பாவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மூடி இல்லை. சுண்ணாம்பு கட்டியாக வெடித்துக் கிடந்தது. ஆயினும் மூடி எப்போது போனது, யார் எடுத்தது என்ற கேள்விகள் எஞ்சியிருந்தன. புரட்டாசியில், முதல் சனிக்கிழமை, தங்களையே நேரில் கேட்டுவிட்டேன்.

"இன்னா சம்பந்தி நீங்க!" என்று தொடையில் தட்டிக்கொண்டீர்கள். "வெத்தில போடறவன் சுண்ணாம்பு இல்லாம எங்க போவான்? நீங்க பேனா இல்லாம எங்கனா போறீங்களா?"

என் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டேன். நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று என இரண்டு பேனாக்கள் இருந்தன.

அதற்குப் பிறகுதான் நாம் நண்பர்களானோம் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்வீர்கள். நட்பு என்ற சொல்லை நான் அவ்வளவு எளிதில் பயன்படுத்துவதில்லை. இருவருமே சந்தேகத்தால் சோறு தின்றவர்கள். நான் பிறர் எழுதிய கணக்கைச் சந்தேகித்துச் சம்பளம் வாங்கினேன். நீங்கள் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து பாலையும் எண்ணெயையும் மிளகாய்த் தூளையும் சந்தேகித்து வாங்கினீர்கள். ஓய்வு பெற்ற பின்பும் இருவருக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. மை ஒற்றும் தாளை மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, சைதாப்பேட்டை வீட்டுக் கொடியில் துணிகளுக்கு நடுவே காயப்போட்டு, விரல் அகலத்துக்கு வெட்டி, பல்பொடி டப்பாவில் அடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிந்தீர்கள். பால் கெடாமலிருக்கச் சோடாவை அள்ளிக் கொட்டியிருந்தால் தாள் சிவக்கும். சோடா மாவு மிஞ்சிய பஜ்ஜி மாவிலும் சிவக்கும். தாங்கள் டீ குடிக்க உட்கார்ந்தால் கடைக்காரர் எழுந்து நின்றுவிடுவார்.

தியாகராய நகரில் நித்யாவுக்குப் புடவை எடுத்துவிட்டு நாம் ஓர் ஓட்டலில் சாப்பிட்டது நினைவிருக்கிறதா? ஆடித் தள்ளுபடியின் முதல் வெள்ளிக்கிழமை. "ஏதோ ஒரு கூட்ட நாள்" என்பீர்கள் தாங்கள். இலையில் விழுந்த அப்பளத்தின் மீது ஈரத் தாள் ஒன்றை ஒற்றினீர்கள். தாள் செங்கல்லாகச் சிவந்தது. பரிமாற வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார்.

"இன்னா சார், கலப்படமா? முதலாளியக் கூப்பிடட்டா?"

"அட, இல்ல நைனா. அப்பளக் காரம். அது இல்லாட்டி அப்பளம் இப்படிப் பொரியுமா? அதும் பேச்ச அது பேசுது. நீ சாம்பார ஊத்து."

அவர் போன பிறகு, என் இலையில் மூலையில் குவிந்திருந்த உப்பைச் சுட்டிக்காட்டி நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "புளிப்பும் காரமும் கண்டுபிடிக்கறது சுலபம் சம்பந்தி. அதுங்க மூஞ்சியக் காட்டிடும். நாம துன்ற உப்பு அப்படி இல்ல. ரெண்டும் சண்ட போட்டு ஓய்ஞ்சப்புறம் மிஞ்சறது அது. உப்பாண்ட மட்டும் நம்ம மஞ்ச பேப்பர் வாயே தொறக்காது."

அப்போது அது வெறும் ரசாயனப் பாடமாகத்தான் என் காதில் விழுந்தது.

சென்ற ஐப்பசியில், தீபாவளி கழிந்த வியாழக்கிழமை, தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது எனக்குத் தலை சுற்றி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தாங்கள்தான் ஆட்டோ பிடித்தீர்கள். இரத்த அழுத்தம் என்றார் டாக்டர், மாத்திரை எழுதினார், உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். மாத்திரையை ஏற்றுக்கொண்டேன். உப்பு விஷயத்தில் அவர் எல்லை மீறியதாகவே கருதினேன். தட்டின் இடப்பக்கத்து உப்பும், மாவடுவும், பொரித்த அப்பளமும் வழக்கம்போல் தொடர்ந்தன. நித்யா கெஞ்சிப் பார்த்தாள். மகன் கோபித்துப் பார்த்தான். கார்த்திகை முதல் சனிக்கிழமை, குளத்தங்கரைப் பெஞ்சில், தாங்கள் ஆரம்பித்தீர்கள்.

"உப்பக் கொறைங்க சம்பந்தி. எம்பொண்ணு தெனம் போன்ல அழுவுது."

"அழட்டும். உப்பில்லாம சாப்பிடறதுக்குச் சாப்பிடாமலே இருக்கலாம். நீங்களா ரகசியமா குறைக்கலாம்னு நினைச்சுக்காதீங்கோ. என் நாக்கை ஏமாத்த முடியாது. ஒரு சிட்டிகை மாறினாலும் கண்டுபிடிச்சுடுவேன்."

"நெஜமாவா?"

"பந்தயம்."

"பாக்கலாம்" என்றீர்கள். வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டு குளத்துத் தண்ணீரைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வாருங்கள் என்று வந்து நின்றீர்கள். "வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் கையக் குடுங்க" என்று என்னையும் நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். ஆயுள் முழுக்க அமிலப் புட்டிகளுக்கு நடுவே நின்றவருக்கு ஓர் ஊசிக்குப் பயமாம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. முடிவுகள் வந்ததும் என் டாக்டரோடு தனியே ஏதோ பேசினீர்கள். கேட்டதற்கு, "கிரிக்கெட்" என்றீர்கள். தாங்கள் கிரிக்கெட் பார்த்து நான் பார்த்ததில்லை.

பயம் உங்களுக்கு இருந்ததோ இல்லையோ, காரணம் இருந்தது. மார்கழியில் தங்களை அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிறகு அங்கிருந்து தாங்கள் எழுந்து வரவேயில்லை. கடைசியாக நான் பார்க்க வந்தது வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள். கஞ்சியும் பாலும் தட்டில் வந்தன. எழுந்து உட்கார முடியாத நிலையிலும் தலையணைக்கு அடியிலிருந்து பல்பொடி டப்பாவை எடுத்து, ஒரு தாளைப் பாலில் தோய்த்தீர்கள்.

"இன்னா தாத்தா, பாலுக்கு டெஸ்ட் எடுக்கறீங்களா?" என்றாள் செவிலிப் பெண். "நான்தான் உங்களுக்கு எடுக்கணும்."

"நீ எனக்கு எடும்மா. நான் உங்க கேன்டீனுக்கு எடுக்கறேன். ரெண்டு ரிசல்ட்டும் ஒண்ணா வரட்டும்."

தாள் மஞ்சளாகவே இருந்தது. திருப்தியோடு பாலைக் குடித்தீர்கள். அவள் போனதும் அந்த டப்பாவை என் கையில் வைத்து அழுத்தினீர்கள். "வெளிய எது குடிச்சாலும் தோய்ச்சிட்டுக் குடிங்க. எம்பொண்ணு குடுக்கறதுல மட்டும் தோய்க்காதீங்க." சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணை மூடியபடியே சொன்னீர்கள்: "தோய்ச்சாலும் ஒண்ணும் தெரியாது."

விடைபெறுகிறவர்கள் இப்படியா பேசுவார்கள்? மருந்தின் மயக்கம் என்று எண்ணி வீட்டுக்கு வந்தேன்.

மாசி மாதம் முதல் வியாழக்கிழமை, மிளகு ரசத்தில், அது முதன்முதலாக என் நாக்கில் பட்டது. உப்பு இருக்கிறது. குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் உப்பு போன பிறகு அடிநாக்கில் ஒரு மெல்லிய கசப்பு தங்குகிறது. "உப்பை மாத்தினியாம்மா?" என்று கேட்டேன். "இல்லையே மாமா" என்றாள் நித்யா. என் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டியால் வெறும் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பங்குனியில் உப்பு ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்கு, என் கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிற்று. மோருக்கு உப்பை அவளே போட்டுக் கொண்டுவந்தாள். சித்திரையில் ஒருநாள் தண்ணீர் குடிக்க நான் சமையலறைக்குள் நுழைந்தபோது, அவளும் என் மகனும் பேச்சைச் சட்டென்று நிறுத்தினார்கள். அன்று மாலை குப்பைக் கூடையில் ஒரு நெகிழி உறை கிடந்தது, பெயரே தெரியாதபடி துண்டு துண்டாகக் கிழிக்கப்பட்டு. துண்டுகளில் உப்புத் துகள் ஒட்டியிருந்தது. உப்பு வந்த உறையை எதற்காக ஒருத்தி அவ்வளவு சிரத்தையாகக் கிழிக்க வேண்டும்? இதைவிடக் குறைந்த ஆதாரத்தின் பேரில் பல அலுவலர்களை நான் எழுந்து நிற்க வைத்து விசாரித்திருக்கிறேன்.

தாங்கள் இருந்தவரை எனக்கும் அவளுக்கும் நடுவில் தாங்கள் இருந்தீர்கள். நான் ஏதாவது கடுமையாகச் சொன்னால் அவள் சைதாப்பேட்டைக்குப் பேசுவாள். மறுநாள் தாங்கள் வந்து என்னைக் குளத்தங்கரைக்கு அழைத்துப் போவீர்கள். தாங்கள் போன மறுமாதமே சாப்பாடு கசக்கத் தொடங்கியது என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? அப்பாவுக்காகத்தான் இதுவரை இந்தக் கிழவனைப் பொறுத்துக்கொண்டாள், அப்பா இல்லை, இனி எதற்கு? வாயால் போகச் சொல்ல மனம் வராதவர்கள் சோற்றால் சொல்வார்கள். வைகாசியில் நான் திருவான்மியூர் அறையைப் போய்ப் பார்த்தேன். சன்னலைத் திறந்தால் கோயில் மதில் தெரிகிறது. தனியாக இருக்கப் போதுமான அறை.

சட்டைக் கறையைக் கண்ட மறுநாள், புதன்கிழமை, நித்யா அலுவலகம் போன பிறகு, முக்காலியைப் போட்டு ஏறி உப்பு ஜாடியை இறக்கினேன். பல்பொடி டப்பாவைத் திறந்தேன். உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தாளைத் தோய்த்தேன். மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது. தாள் ஒருவேளை என் அக்காவின் சுண்ணாம்பைப் போல் செத்துவிட்டதோ என்று சோப்புத் தண்ணீரில் தோய்த்தேன். உடனே சிவந்தது. ஆக, தாளுக்கு உயிர் இருக்கிறது. உப்புதான் வாய் திறக்கவில்லை. அடுப்பின் நீலச் சுடரில் ஒரு சிட்டிகை தூவினேன். எல்லா வீட்டு உப்பையும் போல மஞ்சளாக எரிந்து அடங்கியது. நாக்கில் வைத்தேன். உப்பு, பின்னால் அதே கசப்பு. அப்போதுதான் அடையாற்றில் நீங்கள் சொன்ன வாக்கியம் திரும்பி வந்தது. தோய்ச்சாலும் ஒண்ணும் தெரியாது. இவருக்கு இது எப்படி முன்கூட்டியே தெரிந்தது? முக்காலியின் மீது உட்கார்ந்துவிட்டேன். அப்பாவும் மகளும் சேர்ந்தா?

நேற்று, வியாழக்கிழமை, அந்த உப்பில் ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, நாங்கள் மளிகை வாங்கும் அண்ணாச்சி கடைக்குப் போனேன். திருநெல்வேலியிலிருந்து வந்து மாடவீதிச் சந்தில் எத்தனையோ வருடமாகக் கடை வைத்திருப்பவர். தங்கள் மஞ்சள் தாளுக்குப் பயந்து மஞ்சள் தூளைக் கண்ணெதிரே அரைத்துக் கொடுத்த அதே மனிதர். பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னே வைத்தேன்.

"அண்ணாச்சி, இதுல என்ன கலந்திருக்கேள்? உண்மையைச் சொல்லுங்கோ."

அவர் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"கலப்படம்னா சொல்லுதீங்க? நல்லாருக்கு சார். இது பிரஷர்காரங்க சாப்பிடுத உப்பு. சோடியத்தக் கொறைச்சு, அந்த எடத்துல பொட்டாசியம் உப்ப சேத்திருக்கான். லேசா கசக்கத்தான் செய்யும்."

"இதை யார் கேட்டா?"

"உங்க சம்பந்திதான். கார்த்திகை மாசம் ஒருநாள் மகளையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. இதே எடத்துல நின்னு பாடம் நடத்துனாரு. மொத மாசம் இதுல ஒரு பங்கு, பழைய உப்பு மூணு பங்கு. அடுத்த மாசம் பாதிக்குப் பாதி. அப்புறம் கூட்டிக்கிட்டே போயி, மாசியில முழுசா மாத்திரு. சாருக்கு மட்டும் தெரியப்படாது, தெரிஞ்சா ரெண்டு நாள் பட்டினி கெடப்பாருன்னு சொன்னாரு. எல்லாருக்கும் இந்த உப்பு ஒத்துக்கிடாதாமே, உங்க கிட்னி டெஸ்ட்டப் பாத்து டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்னாரு." அண்ணாச்சி பொட்டலத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "எத்தன வருசமா என் சரக்க சோதிச்ச மனுசன்! 'என்ன சார், நீங்களே கலப்படம் பண்ணுதீங்களே'ன்னு கேட்டேன். என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னார்?"

"'கேஸ் கீஸ் போட்றாதீங்க அண்ணாச்சி. எனக்கு இந்த ஒரு சம்பந்திதான் கீறாரு'ன்னாரு."

கடையில் வேறு யாரோ துவரம்பருப்பு கேட்டார்கள். நான் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"நீங்க வந்து கேட்டதா அம்மாகிட்ட சொல்லிரட்டா சார்?"

"வேண்டாம்" என்றேன்.

வீடு திரும்பும் வழியில் குளத்தங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். ஊசிக்குப் பயந்தது, டாக்டரோடு பேசிய கிரிக்கெட், மேல்தட்டுக்குப் போன ஜாடி, கிழிந்த உறை, தோய்க்காதீர்கள் என்ற சொல். எல்லாம் நேராக வந்து நின்றன. ஒரு சிட்டிகை மாறினாலும் கண்டுபிடிப்பேன் என்று பந்தயம் கட்டிய நாக்கு, கார்த்திகையைக் கோட்டைவிட்டது, மார்கழியைக் கோட்டைவிட்டது, தையையும் கோட்டைவிட்டது. நீங்கள் படுக்கையில் கிடந்து என்னை அனுப்பிவைத்த அன்று, நான் வீட்டுக்கு வந்து பாதிக்குப் பாதி கலந்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு இன்று பிரமாதம் என்று உங்கள் மகளிடம் சொல்லியிருக்கிறேன். வைகாசியில் டாக்டர் அழுத்தம் இறங்கியிருக்கிறது என்றபோது, என் நடைப்பயிற்சியின் பலன் என்று அவருக்கே விளக்கினேன். பந்தயத்தில் ஜெயித்தவர், ஜெயித்ததைச் சொல்ல இருக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்று காலை தட்டின் முன் உட்கார்ந்தேன். முக்கியமாக ஒன்று பேச வேண்டும் என்று புதன்கிழமையே நான் நித்யாவிடம் சொல்லியிருந்தேன். சோற்றின் மீது ரசத்தை ஊற்றிவிட்டு, அவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

"ஏதோ பேசணும்னீங்களே மாமா."

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வாசலில் எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்ட நாளில் எப்படி இருந்தாளோ, அப்படியே நின்றாள். இத்தனை மாதமாக, அப்பா இறந்த துக்கத்தோடு, அப்பா சொன்ன பங்குக் கணக்கை ஒரு மாதம்கூடத் தவறாமல் கலந்துகொண்டு, என் வாயையும் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் ஒரு கவளத்தை வாயில் போட்டேன். உப்பு வந்தது. பின்னால் கசப்பு வந்தது. அது முழுவதும் போகும்வரை காத்திருந்தேன்.

"ரசத்துல உப்பு சரியில்லை" என்றேன்.

அவள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. "நாளைக்குப் பாத்துப் போடறேன் மாமா. அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு. என் சட்டையை நன்னா அலசறதில்லை. சோப்பு அப்படியே நிக்கறது. என்கிட்ட ஆதாரம் இருக்கு."

"சரி மாமா" என்று திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் திருவான்மியூர்த் தரகருக்குப் பேசி, அறையை வேறு யாருக்காவது காட்டச் சொல்லிவிட்டேன்.

தங்கள் டப்பாவில் இன்னும் சில தாள்கள் இருக்கின்றன. வெளியே கிளம்பும்போது ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன், இரண்டு பேனாக்களுக்கு நடுவே. ஆவின் கடைப் பாலிலும் தோய்க்கிறேன். டீக்கடைக்காரர் இப்போது எனக்காக எழுந்து நிற்கிறார். வீட்டில் மட்டும் தோய்ப்பதில்லை. அங்கே தினமும் உப்பைப் பற்றி ஒரு வார்த்தையாவது குறை சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஒருநாள் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டால் உங்கள் மகளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி.